ஆசியா உம்மாவின் அரைக் கிளாஸ்

இல்ஹாமிடம் சொல்லிக் காட்ட ஒரு குறையாவது இருந்திருந்தால் அசனாருக்கு இவ்வளவு வேதனை வந்திருக்காது. சிகரெட் இல்லை. கடைத்தெருவில் நின்று வீண் கதை இல்லை. கட்டாரில் ஒன்பது வருடம் வாகனம் ஓட்டி, அந்த உழைப்பில் மனைவியின் வீட்டைக் கட்டி முடித்து, ஊருக்குத் திரும்பி, ஓட்டமாவடிச் சந்தியில் போன் திருத்தும் கடை ஒன்றும் போட்டுவிட்டான். அசனாரைக் கண்டால் அண்ணன் முறை வைத்து "காக்கா" என்று எழுந்து நிற்பான். அப்படி எழுந்து நிற்கும் ஒருவனை எப்படி வெறுப்பது என்று அசனாருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெறுத்தார்.

இருவரும் சகலர்கள். ஆசியா உம்மாவின் மூத்த மகள் றிஸானாவைக் கல்யாணம் முடித்தவர் அசனார். இளைய மகள் ஸாதியாவை முடித்தவன் இல்ஹாம். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அசனாரும் இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஏறாவூரிலிருந்து ஒரு பையோடு வந்து மாமியின் வீட்டில் ஏறியவர்தான். அவருடைய சொந்த உம்மா அவருக்கு ஏழு வயதிலேயே மவுத்தாகிவிட்டார். பிறகு ஒரு சாச்சியின் வீடு, ஒரு ஹோட்டலின் பின்பக்கம், ஒரு ஜூஸ் கடையில் கிளாஸ் கழுவும் வேலை என்று வளர்ந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஆசியா உம்மா கதவுச் சீலையைக் கொஞ்சம் விலக்கி, "மகன், தேத்தண்ணிக்குச் சீனி எத்தின கரண்டி?" என்று கேட்டார். அசனார் திகைத்துப் போனார். அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. கொடுத்ததைக் குடித்தே பழகியவர். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு, கூடக் கேட்டுவிட்டோமோ என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஓட்டமாவடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பொலன்னறுவை பஸ்கள் நின்று போகும் இடத்தில் அவர் போட்ட ஜூஸ் கடைக்கு இன்றுவரை பெயர்ப் பலகை கிடையாது. "அசனார்ட கடை" என்றால் ஊருக்குப் போதும். பப்பாசி, அன்னாசி, விளாம்பழம், ஆனைக்கொய்யா எல்லாம் உண்டு. ஆனால் தெரிந்தவர்கள் கேட்பது மாதுளைதான். மாதுளையை அவர் மெஷினில் போடுவதில்லை. தலையைச் சீவி, உள்ளே அறை பிரிகிற கோட்டைப் பார்த்துக் கீறி, தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் வைத்துப் பிளப்பார். முத்துகள் அடியில் போய் இருக்கும். வெள்ளைத் தோல் மேலே மிதக்கும். அந்தத் தோலில் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் சாறு கசக்கும். மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, முத்துகளை வெள்ளைச் சீலையில் கட்டிக் கையால் முறுக்குவார். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் விதை நசிந்து துவர்ப்பு இறங்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் எடுத்தது.

பதினொரு வருடங்களுக்கு முன் ஆசியா உம்மாவுக்கு வயிற்றில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது. இரத்தம் நன்றாகக் குறைந்து, வெளிறிப்போய்க் கிடந்தார். இரும்புச் சத்துக் குளிசை கொடுத்தார்கள். தேத்தண்ணீரோடு குடிக்க வேண்டாம், பழச்சாறோடு குடித்தால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து தினமும் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் அசனார் ஒரு மாதுளையைப் பிளந்தார். மூன்று மாதத்தில் மாமியின் இரத்தம் ஏறியது. அது குளிசையால் ஏறியதா, மாதுளையால் ஏறியதா என்று அசனார் ஒருநாளும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்க அவருக்கு விருப்பமும் இல்லை.

ஆறு வருடங்களுக்கு முன் மாமிக்குச் சீனி வருத்தம் வந்தது. ஜூஸ் கேட்டால் சின்னக் கிளாஸில் பாதிக்கு மேல் போக வேண்டாம், மேலதிகமாகச் சீனி ஒரு பொட்டும் கூடாது என்று கிளினிக்கில் கட்டளை. சீனி என்ற பேச்சுக்கே இடமில்லை. அசனார் அந்தக் கிளாஸில் ஒருநாளும் சீனி போட்டதில்லை. பாதி தவறிவிடக் கூடாது என்று, படலைக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ரால் கிளாஸின் நடுவில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடுவரை சாறு. ஆசியா உம்மா அதைக் குடித்து முடிக்கக் கால் மணித்தியாலம் எடுப்பார். அந்தக் கால் மணித்தியாலத்தில் பேச்சு நடக்கும். நேற்றுக் கடைக்கு யார் வந்தார்கள், கதிரவெளிக் கணவாய் மீன் ஏன் இந்த முறை சிறிதாக இருக்கிறது, வயல் வட்டைக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று ஒன்றுமில்லாத பேச்சுகள். முடிவில் வெறும் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டி, "முடிஞ்சுது மகன், நீங்க போங்க" என்பார். அதற்குப் பிறகுதான் அசனாருக்கு நாள் தொடங்கும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஸாதியாவின் புதுவீடு முடிந்தது. அதே வளவில், ஒரு வேலி தள்ளி. தாய் கடைசி மகளோடு இருப்பதுதான் அந்தக் குடும்பத்தின் வழக்கம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆசியா உம்மாவின் கட்டிலின் ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு, வேலியில் ஆள் போய்வர விட்ட கடப்பால் போனவரும் அசனார்தான். மறு தலைப்பை இல்ஹாம் பிடித்திருந்தான்.

"பாரம் எண்டா வெச்சிட்டுத் தூக்குவம் காக்கா."

"எனக்கென்ன பாரம்?" என்றார் அசனார். மூச்சு வாங்கியது.

முதல் ஒரு மாதம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கிளாஸோடு கடப்பைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாமி இல்ஹாமை "மருமகன்" என்றே கூப்பிட்டார். "மருமகன், லைற்றப் போடுங்க." "மருமகன், சாப்பிட்டீங்களா?" அசனாரைத்தான் "மகன்" என்றார். அசனார் இதைக் கவனித்து வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கடையில் சும்மா இருக்கும் நேரத்தில் அதை நினைத்துக்கொள்வார்.

பிறகு மெஷின் வந்தது.

கட்டாரிலிருந்து வந்த கூட்டாளி ஒருவனிடம் சொல்லி இல்ஹாம் அதை எடுப்பித்திருந்தான். இரும்பு லீவர் வைத்தது. மாதுளையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து லீவரை அழுத்தினால் சாறு கீழே கொட்டும். அசனார் கிளாஸோடு போனபோது மாமி ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தார்.

"இருங்க காக்கா, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று இல்ஹாம் அவருக்கும் ஊற்றினான்.

அசனார் நாக்கில் வைத்துப் பார்த்தார். "தோலும் சேந்து நசியுது தம்பி. துவர்க்குது."

"அதுலதான் காக்கா சத்து. தோலோட அமத்தினாத்தான் நல்லது எல்லாம் இறங்குமாம்." இல்ஹாம் போனை எடுத்து விரலால் தள்ளினான். "பிரஷருக்கு நல்லம். நெஞ்சுக் குழாயில கொழுப்புப் பிடிக்காதாம். மூட்டு வீக்கத்துக்கும் நல்லம், ஞாபக மறதிக்கும் நல்லமாம். நாலு இடத்தில வாசிச்சன். கட்டார்ல எங்கட முதலாளிட வாப்பா தொண்ணூறு வயசு, தினம் இதான் குடிப்பார்."

"பாருங்க மகன், இந்தப் புள்ள இதெல்லாம் படிச்செல்லோ வெச்சிருக்கு" என்றார் ஆசியா உம்மா.

இருபத்திரண்டு வருடம் மாதுளை பிழிந்தவர் அசனார். யாராவது என்ன நல்லது என்று கேட்டால், "நல்லது, குடிங்க" என்பார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருந்ததில்லை. போன் திருத்துகிறவன் நாலு நோயை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

மாமிக்கு யாரையும் மறுக்கத் தெரியாது. ஒரு மருமகன் கொடுத்ததைக் குடித்து மற்றவன் கொடுத்ததை வைப்பது அவரால் முடியாத காரியம். அசனாரின் அரைக் கிளாஸையும் குடித்தார். ஆனால் வயிறு நிறைந்தவர் குடிப்பது போல, மருந்து விழுங்குவது போல, இரண்டு மடக்கில். கால் மணித்தியாலம் இரண்டு நிமிடமாகிவிட்டது.

மறுநாள் அசனார் சுபஹுக்குப் போகும் முன்பே பிழிந்து எடுத்துப் போனார். மாமி தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன மகன், பாங்கும் சொல்லல்ல. ஆருக்கும் சுகமில்லையா?"

"இல்ல மாமி. ஜூஸ்."

"யா அல்லாஹ்! வெச்சிட்டுப் போங்க, மறுகாக் குடிக்கிறன்."

மறுகா குடித்தது, இல்ஹாமின் கிளாஸுக்குப் பிறகு. இல்ஹாமுக்கு இது ஒரு போட்டி என்றே தெரியாது. அதுதான் அசனாரை இன்னும் எரித்தது. பக்கத்தில் ஓடுகிறவனுக்கு இது ஓட்டப் பந்தயம் என்றாவது தெரிந்தால் தோற்பதற்கு ஒரு மரியாதை இருக்கும்.

ஊருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்கு முன்னால் த்ரீவீலை நிறுத்திவைக்கும் பக்கீருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

"என்ன காக்கா, மாமிக்கு இப்ப கட்டார்ச் சாறாமே? லீவர அமத்தினாச் சரியாம். சீலையும் தேவல்லயாம், கையும் தேவல்லயாம், மூத்த மருமகனும் தேவல்லயாம்."

"உன்ட த்ரீவீலுக்கும் ட்ரைவர் தேவல்லாத ஒரு காலம் வரும், இருந்து பார்."

"வரட்டும். வந்து உங்கட கடையில கிளாஸ் கழுவுறன். அதுக்கு மெஷின் வர முன்ன சொல்லி வையுங்க."

நின்றவர்கள் சிரித்தார்கள். அசனாரும் சிரித்தார். அன்று அன்னாசி வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிளாஸோடு கடப்பில் கால் வைத்தபோது குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது. "போதும் மகன், கை நோகப் போகுது, அமத்தாதீங்க."

அசனார் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு லீவர் கிரீச்சிடும் சத்தம் கேட்டது.

அவர் உள்ளே போகவில்லை. கிளாஸைத் திரும்பக் கொண்டுவந்து தன் குசினி மேசையில் வைத்தார். றிஸானா ஆப்பச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, "உம்மா குடிக்கல்லயா?" என்றாள்.

"குடிப்பா" என்றார். கடைக்குக் கொண்டுபோவதற்காக முதல் நாள் காய்ச்சி வைத்த சீனிப்பாணி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. கடையில் புளித்த பழத்துக்கு அதில் ஒரு கரண்டி விடுவது வழக்கம். அசனார் கரண்டியை எடுத்து, பாணியில் தோய்த்து, மாமியின் கிளாஸில் விட்டுக் கலக்கினார். கோட்டுக்கு மேல் சாறு ஏறியது. ஏறியதை ஒரு வாய் குடித்துச் சரிப்படுத்தினார். றிஸானா ஆப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று ஆசியா உம்மா ஒரு வாய் குடித்து நிறுத்தினார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னும் ஒரு வாய் குடித்தார்.

"இண்டைக்கு நல்ல பழம் என்ன மகன்? வாய்க்கு ருசியாக் கிடக்கு."

அவர் மெதுவாகக் குடித்தார். பத்து நிமிடம் எடுத்தது. கணவாயைப் பற்றிக் கேட்டார். கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். அசனாருக்குக் கடைவரை கால் தரையில் படவில்லை.

அடுத்த வாரம் இரண்டு கரண்டி. அதற்கும் அடுத்த வாரம் மூன்று. பழம் இந்த மாதம் புளிக்கிறது, வயது போன மனுசிக்கு வாய் கசக்கிறது, ஒரு கரண்டியால் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒருநாள் இல்ஹாமின் கிளாஸ் பாதி குடித்தபடி ஜன்னல் படியில் இருந்தது. ஈ மொய்த்தது. அசனார் அதை மூன்று தடவை பார்த்தார். கல்யாணமான நாளில்கூட அவருக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததாக நினைவில்லை.

மாமிக்கு அடிக்கடி தாகம் எடுத்தது. உடம்பு சோர்ந்தது. வெயில் காலம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கிளினிக் நாளன்று ஸாதியாவும் இல்ஹாமும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது ஸாதியாவின் குரல் வேலிக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"சாப்பிடாமப் பாத்த சீனி இருநூத்தி அம்பத்தி நாலு! போன தரம் நூத்தி நாப்பது. டொக்டர் என்ன கேட்டார் தெரியுமா? வீட்டில என்னம்மா குடுக்கிறீங்க எண்டு. உங்கட மெஷினாலதான். நெட்டில வாசிச்சன், நெட்டில வாசிச்சன் எண்டு நாளும் பொழுதும் ஊத்தினீங்க."

இரண்டு வாரத்தில் திரும்ப வரவேண்டும், அப்போதும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஜூஸ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

"இவர்ட அரைக் கிளாஸையும் நிப்பாட்டவா?" என்று றிஸானா கடப்பில் நின்று கேட்டாள்.

"அது பதினொரு வருஷமாக் குடிக்கிறா, ராத்தா. கோடு போட்டு, சீனி இல்லாமக் குடுக்கிறார். அதால வாறதெண்டா எப்பவோ வந்திருக்கும். டொக்டர் சொன்னது இந்த மெஷின் ஜூஸ" என்றாள் ஸாதியா.

அசனார் தன் வீட்டு வாசலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பேச வேண்டிய இடம் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் இல்ஹாம் மெஷினைத் தூக்கி ஒரு சாக்கால் மூடி, விறகு அடுக்கும் கொட்டிலில் வைப்பதைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று அவர் தன்னைக் கேட்கவில்லை.

மறுநாள் பாணி விடாமல்தான் கொண்டுபோனார். அதில் பொய் இல்லை. ஆசியா உம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன மகன், பழம் சரியில்லயா? ஒரு மாதிரிக் கிடக்கு." பாதியோடு வைத்துவிட்டார்.

அந்தப் பாதிக் கிளாஸை அசனார் நாள் முழுவதும் கண்ணுக்குள் வைத்திருந்தார். மாமி மிச்சம் வைத்த இல்ஹாமின் கிளாஸ் போலவே இருந்தது. மூன்றாம் நாள் ஒரு கரண்டி விட்டார். ஒன்றே ஒன்று, இனிக் கூட்டுவதில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கிழமை முடிவதற்குள் மூன்றாகிவிட்டது.

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்குக்குப் போகும் காலை, ஆசியா உம்மா கடப்புவரை நடந்து வந்தார். "மகன், நீங்களும் வாங்க. ஊசி எண்டா எனக்குப் பயமாக் கிடக்கு."

அசனார் கடையைத் திறக்கவில்லை. பக்கீரின் த்ரீவீலில் பின்சீட்டில் மாமியும் ஸாதியாவும், பக்கத்தில் அசனாரும் இல்ஹாமும் ஒருவர் தோள் ஒருவரில் இடிக்க நெருக்கிக்கொண்டு போனார்கள்.

சீனி இருநூற்று அறுபத்தொன்று.

டொக்டர் ஜெயந்தன் கிளினிக் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினார். "ஜூஸ் நிப்பாட்டினதுதானே?"

"நான் குடுக்கிற ஜூஸ அண்டைக்கே நிப்பாட்டிட்டன் டொக்டர்" என்றான் இல்ஹாம். "ஒரு துளியும் குடுக்கல்ல."

"அப்ப குளிசை பத்தல்ல. ஊசி தொடங்குவம். நிருஷா மிஸ், வீட்டில போடுற விதத்தை ஆருக்காவது காட்டி விடுங்க."

தாதி நிருஷா மிஸ் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆசியா உம்மா சேலை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இல்ஹாம் கதிரையை விட்டு இறங்கி மாமியின் முன்னால் குந்தினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமி, என்னாலதான். மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் பழகுறன் மிஸ். தினமும் காலையில நானே போட்டு விடுறன். நோகாமப் போடுவன் மாமி."

அசனாருக்கு அப்போது வந்த நினைப்பு இதுதான்: இனித் தினமும் காலையில் மாமியின் கையைப் பிடிக்கப் போகிறவன் இவன்.

அந்த நினைப்பு வந்து முடிவதற்குள் அவருக்கே அது கேட்டுவிட்டது. ஊசிக்கும் பொறாமைப்படுகிற மனிதனாகத் தான் வந்து நிற்பது தெரிந்தது.

"டொக்டர், நில்லுங்க. அதுல சீனி இருந்திச்சு."

"எதுல?"

"நான் குடுத்த ஜூஸில. நான் நிப்பாட்டல்ல. பாணி ஊத்தினன்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. "எத்தின கரண்டி?"

"முதல்ல ஒண்டு. மறுகா ரெண்டு. இப்ப மூண்டு."

"தேக்கரண்டியா?"

அசனார் மாமியைப் பார்க்கவில்லை. "கடைக் கரண்டி" என்று சொல்லி, உள்ளங்கையைக் குவித்து அதன் ஆழத்தைக் காட்டினார்.

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

டொக்டர் பேனையை வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஐயா, இப்ப நான் ஊசி எழுதியிருப்பன். நீங்க பாணிய நிப்பாட்டுற நாளில சீனி கிடுகிடெண்டு இறங்கி, மனுசி விடியக்காலையில மயங்கி விழுந்திருப்பா. விளங்குதா?"

"விளங்குது."

டொக்டர் இல்ஹாம் பக்கம் திரும்பினார். "நீங்களும் கேளுங்க தம்பி. மாதுளை நல்ல பழம்தான். பிரஷர் கொஞ்சம் குறையலாம், இரத்தக் குழாய்க்கும் நல்லமா இருக்கலாம் எண்டு சொல்றாங்க. ஆனா அது மருந்தில்ல. பழத்திலயே சீனி இருக்கு. பிழிஞ்சா சக்கை போயிரும், சீனி நிண்டிரும். இவ பிரஷருக்கும் குளிசை குடிக்கிறா. ஜூஸ் கூடினா சில குளிசையோட ஒத்துக்கொள்ளாது. போனில வாசிக்கிறத எங்களிட்டயும் ஒருக்காக் கேளுங்க." பிறகு கொப்பியில் எழுதியதை வெட்டினார். "ஊசி இப்ப வேணாம். இந்தக் குளிசையக் கூட்டித் தாறன். ரெண்டு கிழமைக்கு எந்த ஜூஸும் இல்ல. ஒருத்தர்ட ஜூஸும் இல்ல. மிஸ் ரெண்டு நாளைக்கு ஒருக்கா விரலில குத்திப் பாப்பா. பிறகு யோசிப்பம்."

திரும்பும் வழியில் பக்கீர் கண்ணாடியில் எல்லாருடைய முகத்தையும் பார்த்தான், வழக்கமான நக்கல் இல்லாமல் ஓட்டினான். பாலத்தில் ஏறும்போது ஆற்றுக் காற்று உள்ளே அடித்தது. அப்போதுதான் ஆசியா உம்மா பேசினார்.

"ஏன் மருமகன் அப்படிச் செஞ்சீங்க?"

மருமகன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அசனார் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க ருசிச்சுக் குடிக்கோணும் எண்டுதான் மாமி."

"எனக்கு இனிப்பாத்தான் இருந்திச்சு. ஆனா சீனி எண்டு நான் நினைக்கவே இல்ல. அசனார் தந்தா அதுல சீனி இருக்காது எண்டு நம்பித்தான் குடிச்சன்." வீடு வரும்வரை அவர் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது இல்ஹாம் அசனாரின் கையைப் பிடித்தான். "காக்கா, நீங்க சொல்லாட்டி ஆருக்கும் தெரிஞ்சிருக்காது. பெரிய மனசு வேணும் அதுக்கு."

அவன் அதை மனதாரச் சொன்னான். ஒரு குத்தல், ஒரு நக்கல், எதுவும் இல்லை. அசனாருக்கு அவனை முன்பைவிடக் கூடுதலாகப் பிடிக்காமல் போனது. தன்னை இரண்டு கிழமை குற்றவாளியாக்கி வைத்தவனிடம் இப்படிப் பேச இவனுக்கு எப்படி முடிகிறது? தன்னால் முடிந்திருக்காது. அதுவும் தெரிந்தது.

அன்று இரவுச் சோற்றைப் போடும்போது றிஸானா, "எங்கட உம்மாக்கே இப்படிச் செஞ்சீங்களே" என்றாள். அசனார் தலையைக் குனிந்து சாப்பிட்டார். பச்சைக் கோடு போட்ட கிளாஸ் தட்டில் கவிழ்ந்து கிடந்தது. பதினான்கு காலை அவர் அதைத் தொடவில்லை. சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடைக்குப் போனார். கடப்பைப் பார்க்காமல் போகப் பழகப் பார்த்தார். பழகவில்லை.

இரண்டு கிழமை முடிவில் சீனி நூற்று அறுபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஊசி தேவையில்லை, குளிசை போதும் என்றார் டொக்டர். மாதுளை பற்றி ஆசியா உம்மாவே வாய் விட்டுக் கேட்டாராம். ஜூஸ் வேண்டாம், ஆசைக்கு ஒரு சின்னப் பிடி முத்து, சக்கையோடு மென்று, கிழமைக்கு இரண்டு நாள் சாப்பிடலாம் என்றாராம். இதை ஸாதியா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "உம்மா உங்களையும் வரட்டாம். பழத்தோட" என்றாள்.

அசனார் கடையிலிருந்ததில் நல்ல பழமாக ஒன்றைத் தெரிந்து, கத்தியையும் எடுத்துக்கொண்டு கடப்பைத் தாண்டினார். ஆசியா உம்மா புது வீட்டுக் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பேசினில் தண்ணீர் வைத்திருந்தது.

"இஞ்ச வெச்சு வெட்டுங்க. என்ட கண்ணுக்கு முன்னால."

அசனார் நிலத்தில் உட்கார்ந்தார். தலையைச் சீவினார், கோடு பார்த்துக் கீறினார், தண்ணீருக்குள் பிளந்தார். முத்துகள் அடியில் இறங்கின. இல்ஹாமும் சாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து எதிரே குந்தி, மற்றப் பாதியை எடுத்தான்.

"எனக்கும் காட்டித் தாங்களன் காக்கா."

"இப்படித்தான்" என்றார் அசனார். அதற்கு மேல் காட்டவில்லை. இல்ஹாமின் விரலில் முத்துகள் நசிந்தன. வெள்ளைத் தோல் ஒட்டிக்கொண்டே வந்தது. அசனார் அதைப் பார்த்தார். அந்தத் தோல் கசக்கும் என்று சொல்லவில்லை. இருவரும் எடுத்ததை ஒரே பீங்கான் தட்டில் போட்டார்கள். ஒரு பக்கம் முழு முத்துகள், மினுங்கிக்கொண்டு. மறுபக்கம் கிழிந்து சாறு வடிந்தவை.

ஆசியா உம்மா ஒரு பிடி அளவுக்கு மிஞ்சியதை ஸாதியாவிடம் எடுத்துக் கொடுத்தார். பீங்கானைத் தன் முன்னால் வைக்கச் சொன்னார்.

"தண்ணி ஒரு வாய் தாங்க மகன்."

இருவரும் நிமிர்ந்தார்கள். யாரைக் கூப்பிட்டார் என்று அவர் சொல்லவில்லை. குனிந்து கால் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். இல்ஹாம் பாய்ந்து எழும்பித் தண்ணீருக்குப் போனான்.

அசனார் எழும்பவில்லை. இல்ஹாம் முதுகைக் காட்டி நின்ற அந்த இடைவெளியில், ஒரு விரலால் பீங்கானின் விளிம்பைத் தொட்டு, முழு முத்துகள் இருந்த பக்கம் மாமியின் கைக்கு நேராக வரும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.